குடைக்காகப் பேசியவர்கள்

ஊத்துப்பாறைக்கு மேலே குடை வந்து நின்ற அன்று நான் ஒரு கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். மேசையில் கிடந்த என் போன் திடீரென்று பதினோரு முறை தொடர்ந்து கூவியது. அந்த ஊரில் நர்ஸாக இருந்த நான்கு வருடத்தில் அது அங்கே சத்தம் போட்டதே இல்லை. எனக்கும் குழந்தையின் அம்மாவுக்கும் தூக்கிவாரிப்போட்டது. குழந்தை மட்டும் ஊசியை மறந்து போனையே பார்த்தது.

போடிக்கு மேலே, ஜீப் பாதை முடிகிற வனத்துறை கேட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர் நடந்தால் ஊத்துப்பாறை. இருபத்துமூன்று வீடுகள். காப்பி, மிளகு, கொஞ்சம் பீன்ஸ். டவர் போட சாமான் கொண்டுவர வழியில்லை. காட்டுக்குள் கேபிள் இழுக்க அனுமதியில்லை. இப்படிப்பட்ட ஊர்களுக்காகத்தான் அரசாங்கம் வான்குடைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. இருபது கிலோமீட்டர் உயரத்தில் ஆளில்லாத ஒரு விமானம். இறக்கை முழுக்க சூரியத் தகடு. மாதக்கணக்கில் கீழே இறங்காமல் வட்டமடித்தபடியே போனுக்கு சிக்னல் கொடுக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஊரில் எல்லோரும் அதைக் 'கொடை' என்றார்கள்.

ரேஷன் கார்டுக்கு ஒன்றாக போன் கொடுக்க வந்திருந்தவர் உதவிப் பொறியாளர் ஜமீலா. தேனியில் இருக்கும் தரைநிலையத்தில் வேலை. முப்பது வயதிருக்கும். மலையேறிய மூச்சிரைப்பு அடங்கும் முன்பே விளக்க ஆரம்பித்துவிட்டார்.

"மேலருந்து டார்ச் அடிக்கிற மாதிரி வச்சுக்கங்க. ஒரு ஊருக்கு ஒரு டார்ச். அதைக் கற்றைன்னு சொல்வோம். மொத்தம் அறுபது கற்றை. ஆனா சிக்னலே இல்லாத ஊரு எழுபத்தொண்ணு."

"மிச்சம் பதினோரு ஊருக்கு?" என்று கேட்டேன்.

"காத்திருக்கணும் சிஸ்டர். அடுத்த விமானத்துக்கு எழுதியிருக்கோம். அதுவரைக்கும் ஒரு விதி இருக்கு. ஒரு ஊர்ல ஒரு நாளைக்கு நூறு நிமிஷமாவது மனுசங்க பேசணும். முப்பது நாள் சராசரி அதுக்குக் கீழே போச்சுன்னா, கற்றை வரிசைல இருக்கற அடுத்த ஊருக்குத் திரும்பிடும். மிஷினே திருப்பிடும்."

"நூறு நிமிசமா? எங்க ஆளுக ஒரு மணி நேரத்துல பேசிருவாங்க" என்றார் யாரோ. எல்லோரும் சிரித்தோம்.

முதல் வருடம் அப்படித்தான் இருந்தது. திருப்பூரில் இருக்கும் பிள்ளைகளுடனும் கம்பத்தில் கட்டிக்கொடுத்த பெண்களுடனும் ஊரே பேசித் தீர்த்தது. அந்த ஒரு வருடத்தில் இரண்டு பிரசவத்துக்கும் ஒரு பாம்புக்கடிக்கும் நேரத்துக்கு ஜீப் வந்தது. மூன்று உயிர் என்று சொல்ல மாட்டேன். பிரசவத்துக்கு இரண்டு உயிர். ஐந்து.

அடுத்த வருடம் மழை பொய்த்தது. காப்பி காய்க்கவில்லை. வீடு வீடாகப் பூட்டிக்கொண்டு கீழே வேலைக்குப் போனார்கள். பத்தொன்பது பேர்தான் ஊரில் மிஞ்சினோம். ஒரு நாள் எல்லார் போனிலும் ஒரே செய்தி: உங்கள் ஊரின் சராசரி ஐம்பத்தெட்டு நிமிடம். முப்பது நாள் அவகாசம்.

பள்ளிக்கூட வராந்தாவில் கூடினோம். வீட்டுக்கு இத்தனை நிமிடம் என்று பிரித்தோம். எப்படிக் கூட்டினாலும் நாற்பது நிமிடம் இடித்தது. வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் ஷிப்டு வேலையில் இருந்தார்கள். எவ்வளவு நேரம்தான் பேசுவார்கள்? யாரிடமும் பேசாத போன் ஊரில் இரண்டுதான் இருந்தன. ஒன்று குருவம்மாள் அக்காவுடையது. இன்னொன்று வீரணன் அண்ணனுடையது. இருவருக்கும் வெளியூரில் யாரும் இல்லை.

அவர்கள் கணவன் மனைவி. ஊரின் கீழ்க்கோடியில் ஒருவரும் மேல்கோடியில் ஒருவருமாக ஒன்பது வருடமாக இருந்தார்கள். அந்த ஒன்பது வருடமும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. காரணம் எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். அவர்களுடைய ஒரே மகள் தமயந்தியை ஏழு வயதில் கட்டுவிரியன் கடித்தது. விடியக்காலையில் பாயிலேயே கடித்திருக்கிறது. அண்ணன் போனை எடுத்துக்கொண்டு சிக்னல் தேடி மலையுச்சிப் பாறைக்கு ஓடினார். அக்கா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் திரும்பி வந்தபோது பிள்ளை இல்லை.

முதலில் அண்ணனிடம்தான் போனேன். பீன்ஸ் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார்.

"நான் பேசுவேன் சிஸ்டர்" என்றார், நிமிராமலே. "அவ பேசமாட்டா."

பிறகு கீழ்க்கோடிக்கு இறங்கிப் போய் அக்காவிடம் கேட்டேன். "எத்தன நாளைக்கு?"

"முப்பது நாள்க்கா. அதுக்குள்ள நாலு பேராவது திரும்பி வந்துருவாங்க."

"ஊருக்குன்னா பேசுறேன். ஆனா ஒண்ணு. நான் அந்தாளுகிட்டப் பேசல. கொடைகிட்டப் பேசுறேன். அப்படின்னு அவருகிட்டயும் சொல்லிருங்க."

சொன்னேன். அண்ணன் தலையாட்டிக்கொண்டார்.

சாயங்காலம் நாலு மணி என்று முடிவாயிற்று. அக்கா என் சுகாதார நிலையத்துக்கே வந்துவிட்டார். போனைக் காதில் வைத்துப் பழக்கமில்லாததால் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன்.

"ம்" என்றார் அக்கா.

"நாந்தான்."

"தெரியுது."

அப்புறம் சத்தமே இல்லை. பேசாமல் இருந்தால் நிமிடம் சேராதே என்று நான் கையை ஆட்டினேன். அக்கா முறைத்தார்.

"பீன்ஸு பூத்திருக்கு" என்றது போன்.

"எந்தப் பக்கம்?"

"மேலத் தோட்டம்."

"பன்னி வருமே."

"வேலி கட்டியிருக்கேன்."

"கட்டுன லட்சணம் தெரியாதா?"

அன்றைக்கு நாற்பது நிமிடத்தை எப்படி ஓட்டினார்கள் என்று எனக்கே தெரியாது. வேலி, மழை, செத்துப்போன ஒரு மாடு, ரேஷன் அரிசியில் வந்த புழு. நடுநடுவே அக்கா கூரையைப் பார்த்துப் பேசுவார், உண்மையாகவே குடையிடம் பேசுவதுபோல. நேரமானதும் "வைக்கிறேன்" என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போனார். மறுநாள் நாலு மணிக்குப் பத்து நிமிடம் முன்பே வந்துவிட்டார்.

பத்து நாள் போனபிறகு ஒருநாள், மிளகு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அக்கா, குரலை மாற்றாமலே கேட்டார்.

"அன்னைக்கு ஏன் தூக்கிட்டு எறங்கல?"

நான் எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை.

"தூக்கிட்டு எறங்குனா கேட்டுக்குப் போக ஒன்றரை மணி நேரம்" என்றார் அண்ணன். "கேட்டுல ஜீப் நிக்கணும்ல? அதுக்குத்தான் போன் பண்ண ஓடுனேன். பாறைக்கு மேல ஒரு புள்ளி சிக்னல் கெடச்சுச்சு. ஆஸ்பத்திரில ஒரு பொண்ணு எடுத்துச்சு. வயசு என்னன்னு கேட்டுச்சு. ஏழுன்னேன். மூச்சு இருக்கான்னு கேட்டுச்சு. இருக்குன்னேன். லைன்லயே இருங்க, டாக்டருக்குப் போடுறேன்னுச்சு. நான் லைன்லயே இருந்தேன்."

"அப்பறம்?"

"கட்டாயிருச்சு. எனக்குக் கட்டானது தெரியல குருவு. சத்தம் வராம இருக்குன்னு நெனச்சேன். அசைஞ்சா அந்த ஒத்தப் புள்ளியும் போயிருமோன்னு பாறைய விட்டு நகரல. போனக் காதுல வச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். வெயில் நல்லா ஏறுற வரைக்கும் நின்னேன்."

இந்தக் கதையை அக்கா கேட்பது அதுதான் முதல் தடவை. அவர் கேட்டதில்லை, அண்ணனும் சொன்னதில்லை.

"அவ கேட்டா" என்றார் அக்கா. "நாக்குக் கொழறிருச்சு. கண்ணு தொறக்க முடியல. அப்பா பேசிட்டாரான்னு கேட்டா. பேசிட்டாரு, ஜீப்பு வருதுன்னேன். சரின்னா. அம்புட்டுத்தான். அதுக்கப்பறம் பேசல."

நான் அப்போதுதான் வெளியே போனேன். வாசலில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இரண்டு பேரும் அழுதார்கள். அழுகையை மிஷின் பேச்சாக எடுத்துக்கொள்ளுமா என்று ஒரு நினைப்பு வந்தது. இப்படி நினைத்ததற்காக என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

மறுநாள் அக்கா வரவில்லை. அதற்கு மறுநாள் நாலு மணிக்கு வந்து, "நேத்து நிமிசத்தையும் சேத்துப் பேசிருவமா?" என்று என்னிடம் கேட்டார்.

இருபத்தேழாவது நாள் ஜமீலா வந்தார். தோளில் ஒரு பை. நாலு மணி தாண்டியிருந்தது, உள்ளே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுந்தேன். அவர் உதட்டில் விரலை வைத்துக் கதவருகே நின்றுவிட்டார்.

"மொத விழுந்தது மேல் பல்லு" என்றார் அக்கா.

"கீழ்ப் பல்லுடி. நாந்தான கூரைமேல வீசுனேன்? சாணி உருண்டைக்குள்ள வச்சு வீசுனேன்."

"நீரு வீசுனது ரெண்டாவது பல்லு. மொதப் பல்ல அவ முழுங்கிட்டா. வயித்துக்குள்ள பல்லு மொளைக்கும்னு ஒரு நாள் பூரா அழுதா. மறந்துட்டீரா?"

போனில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஜமீலா என்னை வெளியே கூட்டிவந்தார்.

"இவங்கதானா? ரெண்டு பேரும் இதே ஊரா?"

"ஆமா மேடம். ஊருக்காகப் பேசுறாங்க. இது செல்லுமா, செல்லாதா?"

அவர் அதை விட்டுவிட்டு அவர்களைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். "ஒரு டீ கெடைக்குமா சிஸ்டர்?" என்றார்.

டீயைக் குடித்து முடித்த பிறகு பேசினார். "வரிசைல அடுத்து எந்த ஊருன்னு தெரியுமா?"

"தெரியாது."

"கானல்மேடு."

கானல்மேடு மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம். பதினோரு வீடு. செவ்வாய்தோறும் நான்தான் அங்கே போகிறேன். பேச்சியம்மாள் அங்கே ஏழு மாதக் கர்ப்பிணி. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கிறது, இரண்டு முறை எழுதி வைத்திருக்கிறேன். பதினோரு ஊர் என்று முதல் நாளே கேட்டிருந்தேன். அதில் ஒரு ஊருக்கு நானே வாரம் ஒருமுறை நடந்துபோகிறேன் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான் குடியிருக்கிற ஊரைத்தான் என் ஊராக நினைத்துவிட்டேன்.

"நாங்க புடிச்சு வச்சிருக்கறது அவங்களோட வெளிச்சமா மேடம்?"

"யாரோடதுன்னு சொல்ல முடியாது. ஆனா ஒரு வழி இருக்கு. ரெண்டு ஊர் சேர்ந்து மனு கொடுத்தா ஒரே ஊராக் கணக்கெடுத்துக்கலாம். கற்றை நாலு மணி நேரம் இங்க, நாலு மணி நேரம் அங்கன்னு மாறி மாறித் திரும்பும். கானல்மேட்டுக்காரங்க புதுசுல நல்லாப் பேசுவாங்க, நிமிஷத்துக்குக் குறை இருக்காது. ஆனா பாதி நேரம் உங்களுக்கு சிக்னல் இருக்காது. அதுக்கு ஊரு சம்மதிக்கணும்."

அன்றே கூடினோம். ஒருவர்கூட ஒப்புக்கொள்ளவில்லை. "பாம்பு மணி பாத்தா கடிக்கும்?" என்றார் ரேஷன் கடை வைத்திருப்பவர். "நமக்கே பத்தல. இதுல பங்கா?" நியாயமான கேள்விதான். கைக்குழந்தைக்காரி ஒருத்தி எழுந்து போகவே போய்விட்டாள்.

அப்போது குருவக்கா பேசினார். கூட்டத்தில் அவர் பேசி நான் பார்த்ததில்லை.

"எம்புள்ள போறப்ப நமக்கு அந்தப் பாறையத் தவிர ஒண்ணுமில்ல. அவங்களுக்கு இன்னைக்கும் பாறைதான். நாலு மணி நேரம் நம்ம சிக்னல் இல்லாம இருக்கலாம். அவங்க இருவத்துநாலு மணி நேரமும் இல்லாம இருக்காங்க."

பின்வரிசையிலிருந்து வீரணன் அண்ணன் எழுந்தார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு ஒரே கூட்டத்தில் இருவரும் பேசியதால் எல்லாத் தலையும் திரும்பியது.

"கற்றை அங்கிட்டுத் திரும்புறப்ப நடுவுல இருக்கற கணவாய்க்கு அந்த வெளிச்சம் எட்டுமா, மேடம்?"

"எட்டும். ரெண்டு ஊருக்கும் பொதுவான ஓரம் அது."

"அப்பக் கணவாய்ல ஓலைக் குடிசையா ஒரு சாளை போட்டு ஒரு போனு வச்சிரலாம். இங்கிருந்து ஓடுனா இருவது நிமிசம். நான் அன்னைக்கு ரெண்டு மணி நேரம் ஓடுனேன்." கொஞ்சம் நிறுத்தி, "சாளைய நான் போட்டுத் தாரேன்" என்றார்.

இரண்டு ஊரும் கைநாட்டு வைத்த மனுவை ஜமீலா மறுநாள் எடுத்துப்போனார்.

ஏழு வாரம் கழித்து, ஒரு மத்தியானம். கற்றை கானல்மேட்டுப் பக்கம் இருந்த நேரம். நான் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன். கணவாய்ச் சாளையில் காவலிருந்த வீரணன் அண்ணன் மேலெல்லாம் வியர்வையாக வாசலில் வந்து நின்றார்.

"பேச்சியம்மாளுக்கு வலி வந்துருச்சு. சாளை போனுக்குக் கூப்புட்டாங்க. தலை வலிக்குது, கண்ணு மங்குதுங்குது. ஜீப்புக்கு அவங்களே சொல்லிட்டாங்க, கேட்டுக்கு வந்துரும். தூக்குறதுக்கு நம்மாளுக நாலு பேர அனுப்பிட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "லைன்லயே இருங்கன்னு அவங்க ஆளு சொன்னாரு சிஸ்டர். நான் இருக்கல. வச்சிட்டு ஓடியாந்துட்டேன்."

பையை எடுத்துக்கொண்டு நானும் ஓடினேன். கணவாயில் பேச்சியம்மாளைச் சுமந்து வந்த தூளியைப் பிடித்தோம். கேட்டுக்கு வந்தபோது ஜீப் நின்றிருந்தது. டிரைவர் இஞ்சினை அணைக்காமல் வைத்திருந்தார். போடி ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை. பெண் குழந்தை, இரண்டு கிலோ நூறு. அம்மாவுக்கு மூன்று நாள் நினைவு சரியாக இல்லை. அப்புறம் தேறிவிட்டாள். அரைமணி தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். வேண்டாம் டாக்டர் என்றேன்.

அக்காவும் அண்ணனும் சேர்ந்து குடியிருப்பார்கள் என்று ஊர் எதிர்பார்த்தது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவர் மேல்கோடியில், அவர் மனைவி கீழ்க்கோடியில். நிமிடத்துக்குத் தேவையில்லாமல் போனபிறகும் தினமும் பேசினார்கள். கற்றை வேறு பக்கம் இருந்தால் திரும்பும்வரை காத்திருந்து பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அண்ணன் கீழே இறங்கி வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். சாப்பிடும்போது இருவரும் அதிகம் பேசுவதில்லை.

மறு வருடம் இரண்டாவது விமானம் ஏறியது. ஒவ்வொரு ஊருக்கும் தனிக் கற்றை, நிமிட விதி ரத்து. செய்தியோடு ஜமீலாவே மலையேறி வந்தார். எல்லோரும் போன பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"சிஸ்டர், ஒரு விஷயம் உங்ககிட்ட மறைச்சுட்டேன். முதல் வருஷம் சில ஊர்ல ரெண்டு போனைப் பக்கத்துல பக்கத்துல வச்சு ரேடியோவைப் பாட விட்டாங்க. அதனால ரெண்டு போனும் ஒரே கற்றைக்குள்ள இருந்தா மிஷின் அந்தப் பேச்சை எண்ணவே எண்ணாது."

"அப்ப அக்காவும் அண்ணனும் பேசுனது?"

"சைபர்."

"இருவத்தாறு நாளுமா?"

"அத்தனை நாளும். அன்னைக்கு நான் வந்தது மூணு நாள்ல கற்றையை எடுக்கற உத்தரவோட. பையில இருந்துச்சு. கதவுகிட்ட நின்னா பல்லு விழுந்த கதை ஓடிட்டிருக்கு. பையைத் தொறக்க மனசு வரல. டீ கேட்டேன்ல? அந்த டீ வர்றதுக்குள்ள தேடிப்பிடிச்ச வழிதான் அந்தக் கூட்டு மனு. விதிப் புத்தகத்துல கடைசிப் பக்கத்துல எங்கயோ படிச்ச ஞாபகம்."

அவர் போனபிறகு வெகுநேரம் யோசித்தேன். சொல்லாமல் இருக்கலாம். ஆனால் ஊருக்காக என்று கேட்டுப் பேச வைத்தவள் நான். குருவக்கா வாசலில் பாய் விரித்து மிளகைத் துழாவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா துழாவுவதை நிறுத்தவில்லை. "எதுலயுமே ஏறலையா?"

"ஏறலக்கா."

"நாங்க அழுதது, சண்ட போட்டது, ஒண்ணுமே?"

"ஒண்ணுமே. மன்னிச்சுக்கங்கக்கா."

"எதுக்கு மன்னிப்பு?" அக்கா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வெட்கம் இருந்தது. "நல்லதாப் போச்சு சிஸ்டர். கவர்மெண்டு ஏட்டுல எம்மக பல்லு விழுந்ததெல்லாம் ஏறிக் கெடக்குமேன்னு எனக்கு ஒரு கூச்சமாவே இருந்துச்சு. ஏறலைன்னா சரி. அது எங்க ரெண்டு பேரோடயே இருக்கட்டும்."

மேற்கே மேகம் கறுத்திருந்தது. பாயின் அந்த முனையைப் பிடிக்கச் சொன்னார். மிளகு சிந்தாமல் இருவருமாகத் தூக்கி உள்ளே வைத்தோம்.